நாட்டின் குலுக்கையில் எவ்வளவு தானியம்?

எங்கள் வீட்டுக்குக் காலையில் பேப்பர் வந்ததும் அப்பா முதலில் தேடுவது அணை நீர்மட்டத்தைத்தான். பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156 அடி, மணிமுத்தாறு 118 அடி என்று முழு உயரம் அவருக்கு மனப்பாடம். அன்றைக்கு எத்தனை அடி நிற்கிறது என்பதுதான் தெரிய வேண்டும். சேரன்மகாதேவிப் பக்கம், கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் எங்களுக்குக் கொஞ்சம் வயல் உண்டு. வைகாசி பிறந்துவிட்டால் பழைய நெல் கேட்டு வியாபாரிகள் வீட்டுக்கு வருவார்கள். அப்பா உடனே விலை பேசமாட்டார். "அணை எப்படி நிக்குன்னு பாத்துக்கிடுதேன். ரெண்டு நாள் கழிச்சு வாங்க" என்று காப்பி கொடுத்து அனுப்பிவிடுவார்.

சின்னப் பிள்ளையாக இருந்தபோது இது எனக்குப் புரியவில்லை. மலையில் கிடக்கிற தண்ணீருக்கும் அரங்கு வீட்டுக் குலுக்கையில், அதாவது தானியக் குதிரில், கிடக்கிற நெல்லுக்கும் என்ன சம்பந்தம்? ஒருநாள் கேட்டேன். எங்கள் பக்கம் நெல்லுக்கு இரண்டு பருவம்; முந்தியது கார், பிந்தியது பிசானம். அதை வைத்துத்தான் அப்பா சொன்னார்: "தண்ணி இருந்தா ஜூன்ல காருக்குத் திறந்துவிடுவாங்க. கார் நட்டா புரட்டாசியில புது நெல்லு வந்துரும். அப்பம் பழசை வித்துரலாம். தண்ணி இல்லேன்னா பிசானம்தான். அது களத்துக்கு வர மாசி ஆயிரும் தாயி. அதுவரைக்கும் சோத்துக்கு எங்க போக?"

செய்தியில் 'தானிய விளைச்சல் முன்கணிப்பு' என்றும் 'உணவு இருப்பு நிலவரம்' என்றும் வருவதெல்லாம் அப்பா போட்ட இந்தக் கணக்கின் பெரிய வடிவம். பழசு எவ்வளவு கிடக்கிறது, புதுசு எப்போது, எவ்வளவு வரும், அதுவரை எத்தனை வாய்க்குச் சோறு வேண்டும், மிச்சத்தை விற்கலாமா, இல்லை வெளியே வாங்க வேண்டியிருக்குமா. அப்பாவுக்கு மூன்று அணை. நாட்டுக்கு ஆயிரக்கணக்கான அணையும் மானாவாரி வானமும்.

கணக்கின் அமைப்பு ஒரு தராசு மாதிரி. ஒரு தட்டில் ஆண்டுத் தொடக்கத்து இருப்பு, அந்த ஆண்டின் விளைச்சல், இறக்குமதி. மறுதட்டில் மக்கள் சாப்பிடுவது, விதை, தீவனம், சேதாரம், ஏற்றுமதி, கடைசியில் அடுத்த ஆண்டுக்கு மிஞ்சும் இருப்பு. இரண்டு தட்டும் சமமாக நிற்க வேண்டும். விளைச்சல் குறைந்தால் மறுதட்டில் ஏதாவது ஒன்று குறைந்தே ஆகவேண்டும். அல்லது முதல் தட்டில் இறக்குமதி கூட வேண்டும். தானியச் செய்தி எதைப் படித்தாலும், அது இந்தத் தராசில் எந்தச் சாமானைப் பற்றிப் பேசுகிறது என்று முதலில் பார்த்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

மீதிக் குழப்பம் சொற்களிலும் அலகுகளிலும் இருக்கிறது. தானியம் என்றால் நெல், கோதுமை, மக்காச்சோளம், சோளம், கம்பு, ராகி போன்றவை. ஆனால் நம் அரசு 'உணவு தானிய உற்பத்தி' என்று வெளியிடும் எண்ணில் உளுந்து, பாசி, துவரை, கடலை முதலிய பயறு வகைகளும் சேர்ந்திருக்கும். 2023-24-ல் அந்த மொத்தம் சுமார் 3,323 லட்சம் டன். அதில் பயறு மட்டும் 242 லட்சம் டன். உலக அமைப்புகள் தானியத்தைத் தனியாகக் கணக்கிடுவதால் அவர்கள் எண்ணும் நம் எண்ணும் பொருந்தாது. இரண்டும் சரியான எண்களாகவே இருக்கலாம். அடுத்து, ஒரு மில்லியன் டன் என்பது 10 லட்சம் டன். இதைத் தப்பாக மாற்றி எழுதிய செய்திகளை நானே பலமுறை பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது சிக்கல் நெல்லுக்கும் அரிசிக்கும் உள்ள வித்தியாசம். அரசு உற்பத்திக் கணக்கு அரிசியில் வருகிறது. அப்பாவின் கணக்கு நெல்லில். அரசு கொள்முதலில் 100 கிலோ நெல்லுக்குப் பச்சரிசி என்றால் 67 கிலோ, புழுங்கல் என்றால் 68 கிலோ என்று வைத்துக்கொள்கிறார்கள். ஆகவே "ஹெக்டேருக்கு 2,880 கிலோ" என்று நாட்டின் சராசரியைப் படிக்கும் நம் ஊர் விவசாயி, "இவ்வளவு கொஞ்சமா?" என்று திகைக்க வேண்டாம். அது அரிசி எடை. நெல்லாக்கிப் பார்த்தால் 4,000 கிலோவுக்குமேல் வரும்.

எண் பிறக்கும் இடம்

விளைச்சல் என்பது இரண்டு எண்களின் பெருக்கல். எவ்வளவு நிலத்தில் நட்டார்கள், ஒரு ஹெக்டேரில் எவ்வளவு கிடைத்தது. 2023-24-ல் நாட்டில் நெல் நட்ட பரப்பு சுமார் 478 லட்சம் ஹெக்டேர். அதை மேலே சொன்ன 2,880 கிலோவால் பெருக்கினால் ஏறத்தாழ 1,378 லட்சம் டன் அரிசி. அந்த ஆண்டின் உற்பத்திக் கணக்கு அதுதான்.

பரப்பையும் மகசூலையும் பிரித்துப் பார்ப்பது ஏன் முக்கியம் என்பதைத் தாமிரபரணிக் கரையில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதே இல்லை. பொதிகையில் பிறக்கும் இந்த ஆற்றுக்குத் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் தண்ணீர் தருகின்றன. ஜூன், ஜூலையில் திருநெல்வேலி டவுனில் வெயில் கொளுத்தும். மலையில் மட்டும் மழை கொட்டும். அந்தத் தண்ணீர்தான் கோடைமேலழகியான் தொடங்கித் திருவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகளில் மறித்துக் கால்வாய்களில் பிரிகிறது. மலையில் மழை தவறி, காருக்குத் தண்ணீர் திறக்காவிட்டால் அந்தக் கால்வாய்ப் பாசனத்தில் கார் நடுகையே இல்லை. அது பரப்பு இழப்பு. ஜூன், ஜூலையிலேயே தெரிந்துவிடும். நட்டுவிட்டு, கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் மழையோ பூச்சியோ வந்து பாதி மணி பிடிக்காத சாவியாகப் போனால் அது மகசூல் இழப்பு. பச்சைப் பசேலென்று நிற்கும் வயலைத் தூரத்திலிருந்து பார்த்து அதைச் சொல்ல முடியாது. அதனால்தான் பருவத் தொடக்கத்தில் வரும் செய்திகள் பெரும்பாலும் "நடவுப் பரப்பு கூடியது, குறைந்தது" என்று பரப்பைப் பற்றியே பேசுகின்றன. மகசூல் எண் பின்னால்தான் வரும்.

பரப்புக் கணக்குக்கு நம் ஊரில் அடிப்படை அடங்கல். கிராம நிர்வாக அலுவலர் எந்தச் சர்வே எண்ணில் என்ன பயிர் நிற்கிறது என்று எழுதிவைக்கும் பதிவேடு. ஜூலையில் தொடங்கி ஜூனில் முடியும் பசலி ஆண்டுப்படி அது ஓடுகிறது. நாட்டின் வேளாண் ஆண்டும் அதே ஜூலை முதல் ஜூன் வரைதான்.

மகசூல் கணக்குக்குப் பயிர் அறுவடைப் பரிசோதனை என்று பெயர். எங்கள் பெரியப்பா வயலில் ஒரு பிசானத்தில் அது நடந்தது. எனக்கு அப்போது பதினைந்து வயது இருக்கும். டேப்பும் கயிறும் முளைக்குச்சியுமாக இரண்டு பேர் வந்தார்கள். ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் சதுரம் ஒன்றைக் கட்டி, அதற்குள் இருப்பதை மட்டும் அறுத்து, அடித்து, தூற்றி, எடை போட வேண்டும். பெரியப்பா நல்லா விளைஞ்ச மேட்டுப் பக்கத்தைக் காட்டி, "இங்க போடுங்க சார், கதிர் எப்படிச் சாஞ்சு நிக்கு பாருங்க" என்றார். வந்தவர் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டிவிட்டார். எந்தக் கிராமம், எந்த வயல், வயலின் மூலையிலிருந்து எத்தனை காலடி உள்ளே என்பதெல்லாம் குலுக்கல் எண்களாக அவர் கையிலிருந்த தாளில் முன்பே இருந்தன. சதுரம் விழுந்த இடம் பெரியப்பாவின் வயலிலேயே சுமாரான இடம். அவருக்கு அன்றைக்கு வருத்தம்தான்.

இப்போது யோசிக்கும்போது, அந்த மனிதர் பெரியப்பாவின் பேச்சைக் கேட்காததுதான் இந்த முறையின் உயிர் என்று தோன்றுகிறது. எல்லா ஊரிலும் நல்ல இடத்தையே அறுத்திருந்தால் நாட்டில் இல்லாத நெல் தாளில் விளைந்திருக்கும். இந்த முறையை 1940-களில் நம் நாட்டில் உருவாக்கி நிலைநாட்டியவர்கள் புள்ளியியல் அறிஞர்கள் பி.வி. சுகாத்மேயும் வி.ஜி. பான்சேயும். வங்காளத்தில் பி.சி. மகலனோபிஸ் சிறிய துண்டுகளை அறுத்துக் கணக்கிடும் வழியைக் கையாண்டார். துண்டு சிறிதாக இருந்தால் ஓரத்தில் நிற்கும் பயிரையும் உள்ளே சேர்த்து அறுத்துவிடும் வாய்ப்பு கூடும், அதனால் மகசூல் மிகையாகத் தெரியும் என்று சுகாத்மே காட்டினார். ஓரத்தில் நிற்கும் ஒரு கைப்பிடிக் கதிருக்காக அறிஞர்கள் அப்படி வாதாடியிருக்கிறார்கள். 25 சதுர மீட்டரில் விழும் பிழை ஹெக்டேருக்கு வரும்போது 400 மடங்காகும் என்பதை நினைத்தால் அந்த அக்கறை புரியும். சதுரத்தில் 15 கிலோ நெல் கிடைத்தால் ஹெக்டேருக்கு 6,000 கிலோ என்று கணக்கு. அரைக் கிலோ கூட எழுதினால் 200 கிலோ கூடிவிடும்.

ஒரே விளைச்சலுக்கு ஏன் பல எண்கள்?

முன்கணிப்பு ஒருநாளில் முடிகிற காரியமில்லை. மத்திய வேளாண் அமைச்சகம் ஒரே ஆண்டின் விளைச்சலுக்குப் பல முன்மதிப்பீடுகளை வெளியிட்டு, கடைசியில்தான் இறுதி மதிப்பீட்டைத் தருகிறது. முதல் மதிப்பீடு வெளியாகும் நேரத்தில் எங்கள் ஊரில் பிசானத்துக்கு நாற்றங்கால்தான் போட்டிருப்போம். அந்த நெல் களத்துக்கு வர இன்னும் நான்கைந்து மாதம் கிடக்கும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நடந்ததை நெல்லை, தூத்துக்குடிக்காரர்கள் மறக்கமுடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி இரு கரையும் புரண்டு ஓடியது. நட்ட வயலெல்லாம் மணல் மூடிக் கிடந்தது. கால்வாய்க் கரைகள் உடைந்தன. அக்டோபரில் போட்ட எந்த மதிப்பீட்டுக்கும் அது தெரிந்திருக்க வழியில்லை. அதனால் பின்னால் எண்ணைத் திருத்தும்போது "முன்னால் பொய் சொன்னார்கள்" என்று கோபப்படுவது சரியில்லை. ஒவ்வொரு எண்ணும் அது சொல்லப்பட்ட நாளின் வயலைத்தான் காட்டும். எண்ணைப் படிக்கும்போது தேதியையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இதற்கு நல்ல பாடம் 2022-ன் கோதுமை. அந்த ஆண்டு பிப்ரவரியில் வந்த மதிப்பீடு 1,113 லட்சம் டன் கோதுமை விளையும் என்றது. அடுத்து வந்த மார்ச் மாதம், 1901 முதல் வைத்திருக்கும் பதிவுகளிலேயே நாட்டின் மிக வெப்பமான மார்ச். வடக்கே மணி திரளும் நேரத்தில் வெயில் அடித்ததில் கோதுமை சுருங்கிப்போனது. மே மாத மதிப்பீடு 1,064 லட்சம் டன் என்று இறங்கியது. பின்னர் இறுதிக் கணக்கு 1,077 லட்சம் டன்னில் நின்றது.

குறைவு நூற்றுக்கு மூன்று, நான்கு பங்குதான். அதற்கே ஏன் நாடு முழுக்கப் பரபரப்பு? விளைச்சல் வேறு, அரசின் கைக்கு வருவது வேறு என்பதால். அதே நேரத்தில் உக்ரைன் போரால் உலகச் சந்தையில் கோதுமை விலை ஏறியிருந்தது. தனியார் கூடுதல் விலை கொடுத்தார்கள். விவசாயிகள் அவர்களுக்கு விற்றார்கள். முந்தைய ஆண்டு 433 லட்சம் டன் கொள்முதல் செய்த அரசு, 2022-ல் சுமார் 188 லட்சம் டன்தான் வாங்க முடிந்தது. மே 13 அன்று கோதுமை ஏற்றுமதி தடைசெய்யப்பட்டது. பல மாநிலங்களின் ரேஷனில் கோதுமைக்குப் பதில் அரிசி கொடுத்தார்கள். அதனால் பாரம் அரிசி மேல் ஏறியது. அந்த செப்டம்பரில் குருணை ஏற்றுமதிக்குத் தடை வந்தது. 2023-ல் பருவமழையைக் குறைக்கக்கூடிய எல் நினோ பயமும் சேர்ந்தபோது, ஜூலை 20 அன்று பாஸ்மதி அல்லாத பச்சரிசி ஏற்றுமதிக்கே தடை விழுந்தது. பயந்தபடியே அந்த ஆகஸ்ட், 1901-க்குப் பின் மிக வறண்ட ஆகஸ்ட்டாகப் போனது. அந்தத் தடை நீங்கியது 2024 செப்டம்பர் கடைசியில். பஞ்சாப் வயலில் மார்ச் மாதம் அடித்த வெயில், ஒன்றரை வருஷத்துக்குள் அரிசி மூட்டைக்கு வந்து சேர்ந்த வழி இது. சேரன்மகாதேவியில் கோதுமை விளையாது. ஆனாலும் எங்கள் நெல்லின் விலைக்கு அங்கே ஒரு வேர் இருக்கிறது.

தட்டில் விழும் சோறு

எங்கள் ஆச்சி இருந்த காலத்தில் சூடடித்து நெல் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை விதைநெல்லை ஒதுக்குவது. பிறகு அறுத்தவர்களுக்குக் கூலி நெல்லான கொத்து, கோயிலுக்கு, வண்ணார் நாவிதருக்கு. அதெல்லாம் போக மிஞ்சியதுதான் வீட்டுக் கணக்கு. எவ்வளவு பசி என்றாலும் விதைநெல்லில் கை வைக்க ஆச்சி விட்டதில்லை.

நாடும் அதையே செய்கிறது. விதை, தீவனம், சேதாரத்துக்கு என்று மொத்த விளைச்சலில் நூற்றுக்கு 12.5 பங்கைக் கழித்துவிட்டு மீதியைத்தான் உணவுக்குக் கிடைப்பதாக எடுத்துக்கொள்வது இந்தியக் கணக்கின் வெகுகால வழக்கம். ஒரு பேப்பரை எடுத்து நாமே போட்டுப் பார்க்கலாம். 2023-24-ல் அரிசி 1,378 லட்சம் டன், கோதுமை 1,133 லட்சம் டன், கூட்டினால் 2,511. எட்டில் ஒரு பங்கைக் கழித்தால் 2,197 லட்சம் டன். இதை 143 கோடிப் பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு ஆண்டுக்கு 153 கிலோ சொச்சம். ஒரு நாளைக்குச் சுமார் 420 கிராம். அந்த ஆண்டு வெளிநாட்டுக்குப் போன அரிசி சுமார் 163 லட்சம் டன். அதையும் கழித்தால் 390 கிராம் பக்கம் வரும். இது நான் போட்ட தோராயக் கணக்கு. கம்பு, சோளம், மக்காச்சோளம் எதுவும் இதில் இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க: 1951-ல் எல்லாத் தானியமும் பயறும் சேர்த்தே நாட்டில் ஆளுக்கு நாளைக்குக் கிடைத்தது 394.9 கிராம்.

மக்காச்சோளத்தை வேண்டுமென்றேதான் விட்டேன். சங்கரன்கோவில், கோவில்பட்டிக் கரிசலில் முன்பு கம்பும் சோளமும் நின்ற மானாவாரி நிலத்தில் இன்று மக்காச்சோளம் நிற்கிறது. அதில் பெரும்பகுதி நாமக்கல் பக்கம் கோழித் தீவனத்துக்குப் போகிறது. தானிய உற்பத்திக் கணக்கில் அதுவும் தானியம்தான். ஆனால் மனிதர் தட்டுக்கு முட்டையாகவும் கறியாகவும் சுற்றித்தான் வருகிறது. ஒரு நாட்டின் தானிய விளைச்சல் கூடியது என்ற செய்தியைப் படித்தால், கூடியது எந்தத் தானியம் என்று கேட்பது இதனால்தான்.

இனி இருப்பு. நாட்டின் குலுக்கை என்று நான் சொல்வது இந்திய உணவுக் கழகமும் மாநில அமைப்புகளும் வைத்திருக்கும் மத்தியத் தொகுப்பை. இந்திய உணவுக் கழகம் 1965 ஜனவரி 14 அன்று தஞ்சாவூரில்தான் தன் முதல் மாவட்ட அலுவலகத்தைத் திறந்தது. நம் மாநிலத்தில் விவசாயியிடம் நேரடி நெல் கொள்முதல் நிலையங்கள் வழியாக நெல்லை வாங்குவது தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம்.

எவ்வளவு இருந்தால் போதும் என்பதற்கு அரசு காலாண்டுக்கு ஒரு அளவு வைத்திருக்கிறது. ஏப்ரல் 1-ல் அரிசியும் கோதுமையும் சேர்த்து 210 லட்சம் டன் இருக்க வேண்டும். ஜூலை 1-ல் 411 லட்சம் டன். ஏன் இவ்வளவு வித்தியாசம்? கோதுமை வருஷத்துக்கு ஒருமுறை, ஏப்ரல், மே மாதங்களில் கொள்முதலுக்கு வருகிறது. அதற்குச் சற்று முன் குலுக்கை அடிமட்டத்தில் இருப்பது இயல்பு. ஜூலையில் நிரம்பி நிற்பதும் இயல்பு. ஜூலையில் நிரம்பியதை அடுத்த வருஷம் வரை வைத்துச் சாப்பிட வேண்டும். மாசியில் நிறைந்த எங்கள் குலுக்கையைப் பார்த்து யாரும் "இவர்களுக்கு என்ன, உபரி" என்று சொன்னால் ஆச்சிக்கு எப்படி இருந்திருக்கும்! ஏப்ரல் இருப்பை ஏப்ரல் இருப்போடும், ஜூலை இருப்பை ஜூலை இருப்போடும்தான் ஒப்பிட வேண்டும்.

இந்த அளவுக்குள் அவசரத்துக்கென்று எப்போதும் தொடாமல் வைக்கும் 50 லட்சம் டன் அடக்கம். அது எவ்வளவு என்று மனசில் நிற்க ஒரு கணக்கு. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் சுமார் 81 கோடிப் பேருக்கு மாதம் ஆளுக்கு 5 கிலோ. பெருக்கினால் மாதத்துக்குச் சுமார் 40 லட்சம் டன். ஆகவே அந்த அவசர இருப்பு ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். ஜூலை அளவான 411 லட்சம் டன் ஏறத்தாழ பத்து மாதம்.

உலக அளவில் இதையே 'இருப்பு-பயன்பாட்டு விகிதம்' என்று சொல்கிறார்கள். ஒரு வருஷத்துக்குத் தேவைப்படுவதில் எத்தனை பங்கு கையிருப்பில் இருக்கிறது என்பது அதன் பொருள். உலகத் தானியத்துக்கு அது சமீப ஆண்டுகளில் நூற்றுக்கு 30 என்ற அளவில் நிற்கிறது. அதாவது மூன்றரை மாதத்துச் சாப்பாடு. ரோமில் உள்ள ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு இதைத் தொடர்ந்து வெளியிடுகிறது. நாடு நாடாக, இப்போது என்ன பயிர் நிற்கிறது, சென்ற அறுவடை எப்படி, எவ்வளவு இறக்குமதி வேண்டியிருக்கும், சந்தை விலை என்ன, எத்தனை பேர் பசியில் இருக்கிறார்கள் என்று குறிப்பும் எழுதுகிறது. உலக இருப்பில் பெரும்பங்கு சீனாவின் கிடங்குகளில் இருக்கிறது. மற்ற நாடுகள் நினைத்தவுடன் எடுக்கக்கூடியது அல்ல. அதனால் 30 என்ற எண்ணை மட்டும் பார்த்து நிம்மதியாகிவிட முடியாது.

கொள்முதலைப் பற்றி மனம் கனத்து ஒன்று சொல்ல வேண்டும். நெல்லில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குமேல் இருந்தால் எடுக்கமாட்டார்கள் என்பது பொது விதி. அறுப்பு நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் மத்திய அரசின் அனுமதி பெற்று அதைத் தளர்த்துவதும் உண்டு. இடைப்பட்ட நாட்களில் நெல் எங்கே கிடக்கும்? ரோட்டோரம். ஒரு பிசானத்தில் எங்கள் நெல் ஆறு நாள் தார்ப்பாய்க்கடியில் கிடந்தது. ஏழாம் நாள் அம்மா கையை விட்டுப் பார்த்தாள். உள்ளே சூடாக இருந்தது. வெளியே எடுத்த கையில் வெள்ளை முளை. அந்த நெல் விளைச்சல் கணக்கில் ஏறியிருக்கும். உணவுக் கணக்கில் ஏறவே இல்லை. நூற்றுக்கு 12.5 பங்கில் 'சேதாரம்' என்று ஒரு சொல்லில் அடங்குவது இதுதான். அதைக் குறைப்பது புது ரகம் கண்டுபிடிப்பதற்குச் சமமான காரியம் என்று நான் நம்புகிறேன்: நல்ல களம், நாலு தார்ப்பாய், ஒரு உலர்த்தும் இயந்திரம்.

தானியம் இருந்தும் பசி

இருப்பில்லாமல் தவித்த காலத்தை நாடு பார்த்திருக்கிறது. 1964-65-ல் 894 லட்சம் டன்னாக இருந்த உணவு தானிய உற்பத்தி, அடுத்த ஆண்டு வறட்சியில் 723 லட்சம் டன்னாகச் சரிந்தது. 1966-ல் சுமார் ஒரு கோடி டன் தானியம் கப்பலில் வந்து இறங்கியது, பெரும்பாலும் அமெரிக்கக் கோதுமை. அப்போது மத்திய உணவு அமைச்சராக இருந்தவர் நம் சி. சுப்பிரமணியம். 1967 தேர்தலில் தமிழ்நாட்டில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்பது வாக்குறுதியாக எழுந்தது இந்தப் பின்னணியில்தான்.

ஆனால் விளைச்சல் குறைந்தால் பஞ்சம், கூடினால் நிறைவு என்று நேர்கோட்டில் எண்ணிவிடக் கூடாது. 1943 வங்கப் பஞ்சத்தை ஆராய்ந்த பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென், அந்த ஆண்டு அங்கே கிடைத்த உணவு முந்தைய ஐந்தாண்டுச் சராசரியைவிட ஐந்து சதவீதம்தான் குறைவு என்றும், பஞ்சமில்லாத 1941-ஐவிட அது 13 சதவீதம் அதிகம் என்றும் கணக்குக் காட்டினார். அரிசி இருந்தது. போர்க்கால விலையேற்றத்தில் கூலியாளின் காசுக்கு அது எட்டவில்லை. தரைமட்டத்தில் இதைப் புரிந்துகொள்ள வேறெங்கும் போக வேண்டாம். கார் நடாத ஆண்டில் வயல் வைத்திருப்பவருக்கு நெல் நஷ்டம். நாற்றுப் பிடுங்கி, நட்டு, களையெடுத்துப் பிழைப்பவருக்கு நான்கு மாதக் கூலி நஷ்டம். குலுக்கை இல்லாத வீட்டுக்கு இருப்பும் கிடையாது. தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைப்பதை நான் இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன். நாட்டின் குலுக்கையிலிருந்து அந்த வீட்டு அடுப்புவரை வெட்டிய கால்வாய் அது.

எதிர்க்கரையிலும் ஒரு பாடம் கிடக்கிறது. இலங்கை அரசு 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்தது. நவம்பரில் தடையை விலக்கிக்கொண்டாலும் அங்கே முக்கிய நெல் பருவமான பெரும்போக விதைப்புக்கு அது பிந்திவிட்டது. வானம் பொய்க்காமலே விளைச்சல் விழுந்தது. அதே வேளையில் வாங்குவதற்கு அந்நியச் செலாவணியும் இல்லை. தராசில் விளைச்சலும் இறக்குமதியும் ஒன்றாகக் குறைந்தால் என்ன ஆகும் என்பதை 2022-ல் பார்த்தோம். தமிழ்நாடு அரசு 40,000 டன் அரிசி அனுப்புவதாக அறிவித்தது. அனுப்பிய கப்பல்களில் ஒன்று தூத்துக்குடியிலிருந்தே புறப்பட்டது.

இந்த வைகாசியிலும் அப்பா பேப்பரைப் பிரித்து அணை நீர்மட்டத்தைத்தான் முதலில் பார்த்தார். அடுத்து என்னைக் கூப்பிட்டுக் கேட்ட கேள்விதான் புதிது. "வடக்க மழை எப்படியாம்? கவர்மெண்ட்ல எவ்வளவு நெல்லு கிடக்காம்? வெளிநாட்டுக்கு விடுதானா, இல்ல நிறுத்திட்டானா?" போனில் பார்த்துச் சொன்னேன். ஏப்ரல் கணக்கா, ஜூலைக் கணக்கா என்று அவரே திருப்பிக் கேட்டார். கொஞ்ச நேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பிறகு அரங்கு வீட்டுக்குள் போய் மூட்டைகளை எண்ணிவிட்டு வந்து, "பாதியைக் கொடுத்துருவோம். பாதி கிடக்கட்டும். நாளைக்கு யாவாரியை வரச்சொல்லு" என்றார்.